திங்கட்கிழமைக் காய்ச்சல்

புருஷன் குடிப்பதை மறைப்பதில் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சுபத்ராவை மிஞ்ச ஆளில்லை. வார நாளில் வீரப்பன் தங்கமான மனிதன். சனிக்கிழமை மத்தியானம் போத்தலைத் திறந்தால் ஞாயிறு சாயும்வரை சம்சுச் சாராயம்தான். திங்கட்கிழமை காலையில் கணக்கு எழுதும் கிராணி திருச்செல்வம் பெயர் கூப்பிடும்போது அவன் இடத்தில் இவள் போய் நிற்பாள். "காய்ச்சல், கிராணியாரே." எந்தக் காய்ச்சலுக்குக் கிழமை தெரியும்? வீரப்பன் காய்ச்சலுக்குத் தெரியும்.

என்ன செய்வாள்? வீடு தோட்டத்து வீடு. அவன் வேலை போனால் வீடும் போகும். முன்பு திங்கட்கிழமை போதை தெளியாமல் கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடித்ததற்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் சட்டிபானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இந்தத் திங்கட்கிழமை அவனுக்கு ஓயாத வாந்தி. கண்ணுக்கு முன்னால் ஒரே பனியாக இருக்கிறது என்றான். இந்த மலையில் பனிக்கா பஞ்சம் என்று விட்டுவிட்டாள். மருந்து கொடுக்க வந்த தோட்டத்து டிரெசரிடமும் காய்ச்சல் என்றே சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ஜன்னல் நிறைய வெயில்.

"லைட்ட போடேன்டி" என்றான் வீரப்பன்.

சுபத்ரா ஓடிப்போய்க் கிராணியைக் கூப்பிட்டாள். அவர் காடியில் ஏறித்தான் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவரும் கூடவே உள்ளே வந்து நின்றார்.

"என்ன குடிச்சீங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

"ஒன்னும் குடிக்கல டாக்டர். காய்ச்சல்தான். என் பொண்டாட்டிய கேளுங்க."

சுபத்ரா சொல்லிக் கொடுத்த பாடம். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"அம்மா, சம்சுல விஷம் கலந்திருந்தா மருந்து வேற. மறைக்காம சொல்லுங்க."

கிராணி சுபத்ராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"சம்சுதான் டாக்டர். சனிக்கிழமையிலருந்து."

"அடிப்பாவி, வீட்டத் தொலைச்சிட்டியேடி!" அவள் இல்லாத பக்கம் திரும்பிக் கத்தினான் வீரப்பன்.

வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தாள். "உயிருக்குப் பயமில்ல. கண்ணுதான் சந்தேகம். நேத்தே வந்திருக்கணும்."

கிராணி தலை குனிந்தார். "எனக்குத் தெரியாதாம்மா? பாவம்னுதான் இத்தன நாளும் காய்ச்சல்னே எழுதினேன். டிரெசர்கிட்டயாவது உண்மைய சொல்லியிருக்கலாம் லா."

வீட்டுக்குப் பயந்து கண்ணைத் தின்றுவிட்டேனே என்று சுபத்ரா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கு வேலை குடுங்க, கிராணியாரே. அதே வீட்டுல இருந்துக்கறோம்."

"தோட்டத்துத் துரையத்தான்மா கேக்கணும்" என்றார் கிராணி. "கேட்டா, அவனுக்கு எப்படிக் கண்ணு போச்சுன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்?"