ஏழாம் பெட்டியின் பன்னிரண்டாம் சீட்டு

'11-9-1986, வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ஏழாம் பெட்டியில் பன்னிரண்டாம் சீட்டு இல்லை. இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மற்றபடி வகுப்பு நல்லபடியாக முடிந்தது.'

இதை எழுதியதும் செல்வமணி 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். அடித்தது மிகையோ என்று தோன்றவே, அதற்கு மேலே மறுபடியும் 'சிறு' என்று எழுதினாள். பகலில் பஞ்சுக் கடையில் கடிதங்களை நகலெடுப்பவள் அவள். நகலெடுத்ததை மூலத்தோடு மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

மாலையில் அவள் படித்தது கம்ப்யூட்டர். தேனியில் சங்கரலிங்கத்தின் பஞ்சுக் கிடங்குக்கு மேல்மாடியில், சண்முகராஜ் மாஸ்டர் நடத்திய அந்த வகுப்பில் எல்லாம் இருந்தன. போர்டு இருந்தது, ரசீதுப் புத்தகம் இருந்தது, கம்ப்யூட்டருக்குப் போர்த்த நீலத் துணியில் உறைகூடத் தைத்து வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர்தான் இல்லை. மெட்ராஸிலிருந்து கிளம்பிவிட்டது என்று மாஸ்டர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை திண்டுக்கல் வரை வந்துவிட்டது என்றார். அங்கிருந்து அது திரும்பிப் போயிருக்க வேண்டும்.

பாடம் நிற்கக் கூடாதே என்று மாஸ்டர் மாணவர்களையே கம்ப்யூட்டர் ஆக்கினார். பேச்சிமுத்து வீட்டிலிருந்து பித்தளைத் தாயக்கட்டை கொண்டுவந்தான். அவன் உருட்டுவான். செல்வமணி மெமரி. எட்டு சோப்புப் பெட்டிகளில் சீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, விழுந்த எண்ணுக்குரிய சீட்டை எடுத்து நீட்டுவாள். கிருபாவதி அதைத் தமிழ் டைப்ரைட்டரில் அடிப்பாள். தாயத்தில் ஒன்று முதல் ஆறு வரை விழும், இல்லையென்றால் பன்னிரண்டு. ஆகவே பெட்டிக்கு ஏழு சீட்டு. எட்டுப் பெட்டிக்கும் உருட்டினால் எட்டு வரியில் ஒரு கல்யாண வாழ்த்து வந்துவிடும்.

"மிஷினுக்கு யோசனை கிடையாது," என்பார் மாஸ்டர். "மெமரி சொந்தமா எதையாச்சும் சேத்துச்சுன்னா அதுக்குப் பேரு ரிப்பேர். பார்ட்டை மாத்திரணும்."

சீட்டுகள் வந்த வழியையும் சொல்ல வேண்டும். தேனிக் கடைவீதியில் எந்தக் கல்யாணமானாலும் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு வாழ்த்து மடல் அச்சடித்து, மைக்கில் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். அதை எழுதுவது எப்போதும் ஒரே ஆள், பாத்திரக்கடை ஞானசிகாமணி. சீர்க்குடத்தில் பெயர் வெட்டுவது அவர் பிழைப்பு. வாழ்த்துக்கு எதுவும் வாங்கமாட்டார். அடியில் தன் பெயர் இருந்தால் போதும் என்பார். மாஸ்டர் வீட்டில் அப்படிப்பட்ட பழைய மடல்கள் ஒரு கட்டு கிடந்தது. அவற்றைத்தான் வரி வரியாகக் கத்தரித்துப் பெட்டிகளில் போட்டார்கள். பெயர் இருந்த அடித்துண்டுகளுக்குப் பெட்டி இல்லை. அவற்றைக் கசக்கிக் கூடையில் போட்டவள் செல்வமணி.

அந்த வியாழக்கிழமை, கட்டடச் சொந்தக்காரர் சங்கரலிங்கம் மாடியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகனுக்குக் கல்யாணம். வாழ்த்தைக் கம்ப்யூட்டரே எழுதப்போகிறது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். ஆறு வரி ஒழுங்காக வந்தது. ஏழாம் வரிக்குப் பேச்சிமுத்து உருட்டினான். கரண்டு போனது.

"என்ன விழுந்துச்சுலே?" என்றார் மாஸ்டர் இருட்டில்.

"தடவிப் பாத்தேன் சார். பன்னெண்டு."

செல்வமணி ஏழாம் பெட்டியைத் தடவினாள். சீட்டுகளின் மூலையில் ஊசியால் குத்திய புள்ளிகளை எண்ணினாள். ஆறு சீட்டுதான் இருந்தது. மறுபடியும் எண்ணினாள். ஆறுதான்.

"மிஷின் நின்னுபோச்சோ?" என்றார் சங்கரலிங்கம்.

"தேடுது சார். மெமரின்னா தேடத்தான் செய்யும்," என்றார் மாஸ்டர். அவர் குரலே வியர்த்திருந்தது.

"செல்வி, நான் இங்கனதான் இருக்கேன்," என்றாள் கிருபாவதி மெதுவாக, டைப்ரைட்டர் பக்கமிருந்து. "கையை நீட்டு, வாங்கிக்கிறேன்."

நீட்டுவதற்கு ஒன்றும் இல்லை. செல்வமணி ஒரு வெற்றுத் தாளை எடுத்து, கண்ணுக்குத் தெரியாமலே ஒரு வரி எழுதி, குரல் வந்த திசையில் நீட்டினாள். தாள் பிசகாமல் கிருபாவதியின் கைக்குப் போனது. கரண்டு வந்ததும் அவள் அடித்தாள்:

'கரண்டு போன நேரத்திலும் ஒருவர் இருக்கும் இடம் ஒருவருக்குத் தெரியட்டும்.'

மாஸ்டர் குனிந்து அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "நான் சொல்லல?" என்றார் சங்கரலிங்கத்திடம்.

மடல் ரோஜா நிறத் தாளில் அச்சாகி வந்தது. தலைப்பில் கொட்டை எழுத்தில், 'மனிதக் கை படாமல் கம்ப்யூட்டர் இயற்றிய வாழ்த்து' என்று இருந்தது. செல்வமணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை மண்டபத்தில் மாஸ்டர் மைக்கைப் பிடித்து வாசித்தார். முதல் ஆறு வரிக்கு யாரும் தலை நிமிரவில்லை. அதே வானம், அதே நிலவு, அதே வாழையடி வாழை. ஏழாம் வரியைப் பாதி வாசிக்கும்போது மைக் செத்தது. மின்விசிறிகள் எல்லாம் ஒன்றாக ஓய்ந்தன. மாஸ்டர் தொண்டையைத் திறந்து மிச்ச வரியைக் கத்தினார்.

தலைகள் நிமிர்ந்தன. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வியாழக்கிழமையே எழுதிட்டாகளாமப்பா. கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிருக்கு."

மணமகள் தலை குனிந்தபடியே மாப்பிள்ளையின் விரலைத் தேடிப் பிடித்ததைச் செல்வமணி மட்டும் பார்த்தாள். அதற்காகச் சந்தோஷப்படலாமா என்று அவளுக்கு விளங்கவில்லை. மெமரி சந்தோஷப்படுமா என்று மாஸ்டர் பாடம் எடுத்ததில்லை.

திங்கட்கிழமை மாலை மாடிப்படி முழுக்க ஆட்கள். முதலில் நின்றவள் மாவு மில் மூக்கம்மாள்.

"சார், இந்த வாரம் கரண்டு எத்தன மணிக்குப் போகும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. பாதி அரைக்கையில நின்னுபோகுது. மிளகா வேற, மல்லி வேறன்னு பிரிக்க முடியல."

"ஆத்தா, இது வாழ்த்துக் கம்ப்யூட்டரு. கரண்டுக்கு இல்ல."

"வாழ்த்துலதானே சொல்லுச்சு? எனக்கும் ஒரு வாழ்த்து போடச் சொல்லுங்க. நேரத்தை நான் பாத்துக்கிறேன்."

மாஸ்டருக்கு வேறு வழி தெரியவில்லை. பேச்சிமுத்து உருட்டினான். நாலு விழுந்தது. மூக்கம்மாள் நாலு மணி என்று முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மறுநாள் நாலு மணிக்குக் கரண்டு போகவில்லை. நன்றி சொல்ல ஒரு படி மாவோடு வந்தாள்; கம்ப்யூட்டர் எச்சரித்ததால்தான் கரண்டு ஆபீஸ்காரர்கள் பயந்துபோய்த் தப்பைத் திருத்திக்கொண்டார்கள் என்பது அவள் முடிவு.

அந்தத் திங்கட்கிழமையே, கூட்டம் கலைந்த பிறகு, ஞானசிகாமணி வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் வெட்டுளி, அக்குளில் ஒரு காகிதக் கட்டு.

"கம்ப்யூட்டரைப் பாக்கணும்," என்றார்.

மாஸ்டர் நீல உறையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில் மூன்று மாணவர்களையும் காட்டினார். "இதான்."

ஞானசிகாமணி மூவரையும் நிதானமாகப் பார்த்தார். "இதுல எது என் பாட்டைத் தின்னது?"

பேச்சிமுத்துவும் கிருபாவதியும் ஒரே நேரத்தில் செல்வமணியைக் காட்டினார்கள்.

"நல்லா இருக்கியா தாயி," என்றார் அவர். பிறகு கட்டைப் பிரித்தார். அவர் எழுதிய மடல்கள், முப்பத்தெட்டு. "முதல் வரி போடி ஏலக்காய்க் கடை கல்யாணத்துக்கு எழுதினது. ரெண்டாவது பெரியகுளம். மூணாவது என் மச்சினன் கல்யாணம். எட்டும் என்னுது. அடியில பேரு எங்கன போச்சு?"

"ஐயா, பொறுக்கினது கம்ப்யூட்டரு. அது எதைப் பொறுக்கும்னு யாருக்கும் தெரியாது," என்றார் மாஸ்டர்.

"என் வீட்டுல பொறுக்கிட்டுத் தெரியாதுன்னா?"

மாஸ்டர் மேஜையிலிருந்த மடலின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். சங்கரலிங்கம் இன்னும் இருநூறு மடல் கேட்டிருந்தார். புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் அடியில் 'எட்டு வரிகளும் கவிஞர் ஞானசிகாமணியின் மூலத்திலிருந்து' என்று போட்டுவிடலாம் என்று மாஸ்டர் இறங்கி வந்தார். ஞானசிகாமணி ஒத்துக்கொண்டார். படியிறங்கப் போனவர் நின்று, செல்வமணியிடம் மட்டும் கேட்டார்.

"அந்த ஏழாவது வரி எந்த மடல்ல இருந்துச்சு தாயி? அதுதான் என் கட்டுல அகப்படல."

"பாத்துச் சொல்றேன்யா," என்றாள் செல்வமணி.

செவ்வாய் மதியம் அவள் பாத்திரக்கடைக்குப் போய், சரிபார்க்க என்று அந்தக் கட்டை இரவல் கேட்டாள். அவர் ஒரு குத்துவிளக்கில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். தட்டுவதை நிறுத்தாமல் பேசினார்.

"எங்க வீட்டம்மா போயி மூணு வருசம் ஆகுது. அதுக்கப்புறம் நான் எழுதினதெல்லாம் ஒரே மாவு, ஒரே இட்லி. எனக்கே தெரியும். அந்த வரி அவுக இருந்தப்ப எழுதினதாத்தான் இருக்கணும். கரண்டு போனா, 'எங்கன இருக்கீக'ம்பாக. அவ்வளவுதான் கேப்பாக. எப்ப எழுதினேன்னு தெரிஞ்சா, அந்த வருசத்தைக் கொஞ்சம் நெனச்சுப் பாக்கலாம் பாரு."

செல்வமணி தலையாட்டிவிட்டுக் கட்டோடு வந்தாள்.

சாயங்காலம் வகுப்புக்குப் போகாமல், மூடிய பஞ்சுக் கடைக்குள்ளேயே உட்கார்ந்து, முப்பத்தெட்டு மடல்களையும் சொல் சொல்லாகச் சரிபார்த்தாள். அந்த வரி எதிலும் இல்லை. ஆனால் சொற்கள் இருந்தன. 'ஒருவர்' பதினோரு மடலில். 'இருக்கும் இடம்' பெரியகுளம் கல்யாணத்தில். 'தெரியட்டும்' இரண்டு இடத்தில். 'நேரத்திலும்' மச்சினன் கல்யாணத்தில். 'கரண்டு' என்று அவர் எங்கும் எழுதவில்லை. அவர் எழுதியிருந்தால் 'மின்சாரம்' என்றுதான் எழுதியிருப்பார். அப்படியானால் ஒரே ஒரு சொல்தான் தன்னுடையதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சொல்கூட ஊர் முழுக்கச் சொல்கிற சொல். ஆறு மாதம் அவர் வரிகளையே எண்ணி அடுக்கியவளுக்கு, இருட்டில் கையில் வந்தது அவர் கையா, தன் கையா?

கணக்கைக் குறித்து வைக்க நாட்குறிப்பைத் திறந்தாள். வியாழக்கிழமைப் பக்கத்துக்குச் சற்று முன்னால், பக்க அடையாளமாக ஒரு சீட்டு. மூலையில் பன்னிரண்டு புள்ளிகள். 'வைகையும் கரையும் போல் வாழ்க.' மூன்று முறை சரிபார்க்கிறவள், தானே அடையாளத்துக்கு வைத்துவிட்டு மறந்திருக்கிறாள்.

அந்தச் சீட்டைக் கையில் எடுத்தாள். அதைக் கிழித்துப் போட்டால் ஏழாம் வரி ஞானசிகாமணிக்கு. அவருக்கு ஒரு வருடம் திரும்பக் கிடைக்கும். மாஸ்டருக்கும் ரிப்பேர் இல்லை. காட்டினால் ஒரு கவிஞர் தன் நல்ல வரியை இழப்பார், ஒரு கம்ப்யூட்டர் நின்றுபோகும், மூக்கம்மாள் மாவைத் திருப்பிக் கேட்பாள். ஆனால் கூடையில் கசங்கிக் கிடந்த பெயர்த் துண்டுகள் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. எழுதினவர் பெயரை ஒருமுறை எடுத்தாகிவிட்டது. எழுதாதவர் பெயரை வைத்தால் அது ஈடாகிவிடாது. அவர் கேட்டதும் எந்த வருடம் என்பதுதான். இல்லாத வருடத்தை அவரைத் தேடவிடக் கூடாது.

ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டாள். எட்டு வரிகளை எழுதி, ஏழு வரிகளுக்கு எதிரே அவர் பெயரும் கல்யாணமும் ஆண்டும். ஏழாவதன் எதிரே பென்சிலால் 'செல்வமணி' என்று எழுதினாள். அழித்தாள். 'செல்வமணி, ஞானசிகாமணி ஐயாவின் சொற்களைக் கொண்டு' என்று எழுதினாள். அது நீளமாக இருந்தாலும் சரியாக இருந்தது. அதன் மேல் பேனாவால் எழுதினாள். பிறகு நாட்குறிப்பில்:

'16-9-1986, செவ்வாய். வியாழக்கிழமைக் குறிப்பில் "சிறு" என்ற சொல் தவறு.

நாளைய வேலை: காலை ஒன்பது மணிக்கு, அச்சுக்குப் போகும் முன், முதலில் பாத்திரக்கடை. தாளை ஐயாவிடம் நேரில் கொடுத்து, ஏழாம் வரி இந்த வருடத்தது என்று சொல்ல வேண்டும். அங்கிருந்து நேரே மாஸ்டரிடம் அதன் நகல். பன்னிரண்டாம் சீட்டை ஏழாம் பெட்டியில் வைக்க வேண்டும்.'