தட்டில் உருகாத ஐஸ்கிரீம்

“செக்கர் ஏறியாச்சு மாமா, டிக்கெட்டை எடுத்து வெச்சுக்கங்க” என்றாள் அண்ணி, கதவைத் திறந்தபடியே.

கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா சிரித்தார். வாயின் இடப்பக்கம் மட்டும் சிரித்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து வலப்பக்கம் எதிலும் கலந்துகொள்வதில்லை.

செக்கர் என்பது அவர் மகளுக்கு வைத்த பெயர். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர் அவர். சின்ன வயதில் மகள் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, நடுவழியில் ஏறி டிக்கெட் கேட்கிற ஆளின் பெயரை அவளுக்குச் சூட்டிவிட்டார். வளர்ந்து பெரிய ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் ஆனாள். யார் என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்வதுதான் வேலை. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அன்றைக்குச் செக்கரின் கண்ணில் பட்டது அண்ணி கையிலிருந்த மஞ்சள் டப்பா.

“என்ன அண்ணி அது?”

“ஐஸ்கிரீம்.”

“அப்பாவுக்கா?”

“பின்னே எனக்கா? நான் இருக்கிற இருப்புக்கு இதையும் தின்னா வாசக்காலை இடிச்சுத்தான் வெளியே வரணும்.”

“தினமும் குடுக்கறீங்களா?”

“வேற எது இறங்குது சொல்லு. சூப்பு குடுத்தா முகத்தைத் திருப்பிக்கறாரு. காயை மசிச்சுக் குடுத்தா என் சேலையிலேயே திருப்பித் தர்றாரு. இதுக்கு மட்டும் கிளி மாதிரி வாயைத் தொறக்கறாரு. உங்க அண்ணன் பஸ் ஸ்டாண்டுக் கடையில மொத்தமா வாங்கிப் போட்டுட்டுத்தான் வெளியூர் வேலைக்கே கிளம்பினாரு.”

“குடுங்க அதை.”

டப்பாவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

“இது ஐஸ்கிரீமே இல்ல அண்ணி. உறைய வெச்ச இனிப்புன்னு போட்டிருக்கான். பால் கொழுப்புக்குப் பதிலா பாமாயில். அப்புறம் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப். மாம்பழம் படத்துல மட்டும்தான். மஞ்சளுக்கு நூத்திரெண்டாம் நம்பர் கலர். உருகி ஓடாம இருக்கப் பசை கிசைன்னு நானூத்துப் பன்னெண்டு, நானூத்துப் பதினஞ்சு, நானூத்து எழுபத்தொண்ணு…”

“ஐஸ்கிரீம் டப்பாவா, டெலிபோன் புக்கா?”

“சிரிக்காதீங்க அண்ணி. புரதம்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல. ஒரு தட்டு கொண்டாங்க, காட்டறேன்.”

ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் கை நகங்களை வெட்டிவிட்டாள். இரண்டு கையும் முடிந்து, கால் நகமும் முடிந்தது. ஐஸ்கிரீம் கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கூழாகக் குந்தியிருந்தது.

“பார்த்தீங்களா? உருகவே மாட்டேங்குது. இதையா அப்பா வயித்துக்குள்ள போடறீங்க?”

அண்ணிக்கு முகம் சுருங்கிப்போனது. தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அப்பா தட்டு போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மஞ்சள்…” என்றார்.

“அது வேணாம்ப்பா. நான் வேற செஞ்சு தர்றேன். நல்லதா.”

நல்லதாகத்தான் செய்தாள். பால், நிஜ மாம்பழம், புரதப் பவுடர். வேறொன்றும் இல்லை. சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, உறையவைத்து, வாரம் ஒருமுறை பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தாள். முதல் நாள் அப்பா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

“மண்ணு” என்றார்.

“ஐஸ் கட்டி கட்டியா நிக்குது, அதைச் சொல்றாரு” என்றாள் அண்ணி.

“பழகிடும். அப்பா, எனக்காக. ஆ காட்டுங்க.”

மகளுக்காக வாயைத் திறந்தார். அவள் வராத நாட்களிலும், “செக்கர் குடுத்து அனுப்பினது மாமா” என்று அண்ணி சொன்னால் திறந்தார்.

கொஞ்ச நாளில் அண்ணி போன் செய்தாள்.

“ஏம்மா, உன் ஐஸ்கிரீம் குடுத்தா இருமறாரே?”

“எப்பவுமா?”

“குடுக்கறப்ப. அந்த மஞ்சளைத் தின்னப்ப ஒரு நாள் இருமினதில்ல.”

“பழையபடி அந்த டப்பாவுக்கே வர்றீங்க பார்த்தீங்களா. இது ஜில்லுன்னு இருக்கும் அண்ணி, தொண்டைக்கு ஆகல. முன்னாடியே எடுத்து வெளியே வெச்சுடுங்க. நல்லா இளகினதும் குடுங்க.”

“இளகினா இருமல் வராதா?”

“வராது.”

அவள் சொன்னபடியே அண்ணி செய்தாள். படித்தவள் சொல்கிறாள், தவிரவும் பெற்ற மகள். இருமல் குறையவில்லை. ஆனால் அதற்கப்புறம் அண்ணி அதைப் பற்றிப் போன் செய்யவில்லை. கடை டப்பாவுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று மறுபடி பேச்சு கேட்பானேன் என்று இருந்துவிட்டாள். காய்ச்சல் வந்து, மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

செக்கர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. சாப்பிட்டது ஏதோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். வாதம் வந்தவர்களுக்கு விழுங்கக் கற்றுக்கொடுக்கிற தெரபிஸ்ட்டை அனுப்பினார். அவள் செக்கரோடு தினமும் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவள்.

“தண்ணியா இருக்கறதுதான் இவருக்கு மூச்சுக்குழாய்க்குள்ள ஓடிடும். தண்ணி, டீ எல்லாம் பவுடர் கலந்து கெட்டியாக்கிதானே குடுத்தீங்க?” என்று கேட்டாள் தெரபிஸ்ட்.

“அந்தப் பவுடரை நான்தானே வாங்கிக் குடுத்தேன்? ஒரு வாய் தண்ணிகூட அது கலக்காம குடுத்ததில்ல. அண்ணியைக் கேளு.”

“சத்தியமா இல்லைங்க” என்றாள் அண்ணி.

“அப்ப வேற என்ன உள்ள போயிருக்கும்? வேற என்ன குடுத்தீங்க?”

“கெட்டியான சாப்பாடுதான். முக்கியமா ஐஸ்கிரீம். நானே செஞ்சது. கலப்படம் கிடையாது, கலர் கிடையாது, பசை கிடையாது.”

தெரபிஸ்ட் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

“வாய்ச் சூட்டுல அது என்ன ஆகும்?”

“உருகும்.”

“உருகினா?”

செக்கர் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஊட்டும்போது ஸ்பூனிலிருந்து தன் கையில் வழிந்த பால் ஞாபகம் வந்தது. இளகவைத்துக் குடுங்கள் என்று சொன்ன தன் குரல் ஞாபகம் வந்தது.

“தண்ணி மாதிரி” என்றாள்.

அண்ணிதான் கேட்டாள்.

“முன்னாடி கடை டப்பா குடுத்தேங்க. அதுக்கு இருமலே வரலியே?”

“பொதுவா நான் எந்த ஐஸ்கிரீமும் குடுக்கச் சொல்லமாட்டேன். ஆனா சிலது உருகினாலும் கூழாவே நிக்கும். அதுல போடற பசை அப்படி. அதனால தப்பிச்சிருப்பாரு.”

அந்தப் பசையின் பெயரைத் தெரபிஸ்ட் சொல்லவில்லை. செக்கருக்கு அதைச் சொல்ல யாரும் தேவையில்லை. நானூத்துப் பதினஞ்சு. தண்ணீரைக் கெட்டியாக்க அவள் வார்டு வார்டாக எழுதிக்கொடுக்கிற பவுடரே அதுதான். அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த டப்பாவிலும் அதுதான். ஒரு கையால் அளந்து கொடுத்ததை இன்னொரு கையால் விஷம் என்று பிடுங்கி வைத்திருக்கிறாள்.

“என்னாலதானே?” என்றாள்.

“அப்படிச் சொல்ல முடியாது. அவருக்கு எச்சில்கூட உள்ள போயிருக்கலாம்.”

“நீ இதையேதான் எல்லாருக்கும் சொல்லுவே. பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன்.”

தெரபிஸ்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா பிழைத்தார். வயிற்றில் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாய் வழியாக இனி எதுவும் கூடாது. எத்தனை கலோரி, எத்தனை புரதம் என்று செக்கர்தான் கணக்குப் போட்டாள். டின்னில் வருகிற பால் போன்ற உணவு. குறை சொல்ல முடியாத சத்து. அப்பாவின் கன்னத்தில் சதை போட்டது. பார்க்க வந்தவர்கள், “தேறிட்டாரே!” என்றார்கள்.

“தேறாம? பெட்ரோல் பங்குல ஊத்தற மாதிரி ஊத்தறோம்” என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு, செக்கர் காதில் விழுந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“சொல்லுங்க அண்ணி. திட்டணும்னா திட்டிடுங்க.”

“உன்னைத் திட்டி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் மனசு கேக்கல. இருமறப்ப ரெண்டாந்தரம் உனக்குப் போன் போட்டிருக்கணும். உன் படிப்புக்குப் பயந்துட்டேன்.”

“நான் பயமுறுத்தி வெச்சிருந்தேன்.”

கொஞ்ச காலம் போனதும் தெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து அப்பாவின் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். ருசிக்கு மட்டும் குடுக்கலாம் என்றாள். ஸ்பூன் முனையில் ஒரு தீற்று, நாக்கில் தடவ. ஒரே தடவை. விழுங்க அல்ல.

செக்கர் பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போய் மஞ்சள் டப்பாவை வாங்கிவந்தாள். திருப்பிப் படிக்கவில்லை. அண்ணி அப்பாவின் முதுகை நிமிர்த்தித் தலையணை வைத்தாள்.

“மாமா, யாரு வாங்கிட்டு வந்திருக்கா பாருங்க.”

அப்பா டப்பாவைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். நிஜமா என்று கேட்கிற பார்வை.

“நிஜம்தாம்ப்பா” என்று சொல்லி, ஸ்பூன் முனையால் நாக்கில் தடவினாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தாடை மெதுவாக அசைந்தது. இடப்பக்கக் கன்னத்தில் அந்த இனிப்பை வெகுநேரம் ஒதுக்கி வைத்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்தார். வாயையும் திறந்தார். அகலமாக, அடுத்த வாய்க்கு.

செக்கர் ஸ்பூனைப் பிடித்தபடி நின்றாள்.

“அண்ணி…”

“என்னைப் பார்க்காதே. என்னால வேணாம்னு சொல்ல முடியாது.”

“அவ்வளவுதாம்ப்பா.”

வாய் மூடவில்லை. கேட்கவில்லை போலும் என்று குனிந்தாள்.

“போதும்ப்பா. இனி கூடாது.”

மகள் சொன்னால் எப்போதும் கேட்கிறவர். இன்றைக்கும் கேட்டார். வாயை மூடிக்கொண்டு, அவள் சங்கடப்படக் கூடாதென்று பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.