பொட்டு வைத்த பன்னிரண்டு சொற்கள்

துர்காஷ்டமிக்கு மறுநாள் காலை செல்வப்பிரியா அடுப்படியில் நின்றபடியே காப்பியைக் குடித்துக்கொண்டு போனைப் பார்த்தாள். குலதெய்வக் கோயில் பங்காளிகளின் வாட்ஸப் குழுவில் வீட்டுக்கு வீடு அஷ்டமி சாயங்காலமே பூஜைக்கு வைத்த பொருள்களின் படங்கள் குவிந்திருந்தன. ஒரு வீட்டில் டிராக்டர் சாவி, ஒரு வீட்டில் பிள்ளைகளின் பாடப்புத்தகம், ஒரு வீட்டில் தராசு. அடுத்த படம் அவள் வீட்டுடையது. முந்தின நாள் சாயங்காலம் அவள் கஞ்சிக்கோட்டில் கம்பெனி ஷிப்டில் இருந்தபோது கணவன் மோகனசுந்தரம் போட்டது. மண்வெட்டி, அரிவாள், மாமனாருடைய கடப்பாரை, நடுவில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் அவளுடைய பழைய போன். அதன்மேல் சாய்த்துவைத்த வெள்ளை அட்டையில் அவள் கையெழுத்தில் ஆங்கிலச் சொற்கள். நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் சிரத்தையாக வைத்திருந்தான். கடைசி வரியை மட்டும் ஒரு செவ்வந்திப்பூ மறைத்திருந்தது. படத்துக்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக நின்றன.

அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தப் பன்னிரண்டு சொற்கள்தான் அவளுடைய கிரிப்டோ வாலட்டின் சாவி. அவற்றை வரிசை மாறாமல் அடிக்கத் தெரிந்த எவனும் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் உள்ளே புகுந்து இருப்பதை வழித்துக்கொண்டு போகலாம். போய் நின்று கேட்க மேனேஜரும் கிடையாது, கவுண்டரும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் போய்ப் பணத்தைப் போடுவானேன் என்றால், ஊர் சொசைட்டி பாங்கில் போட்டுப் பார்த்தவள் அவள். அங்கே கிளார்க்காக இருந்தவர் மாமனார் வழிப் பங்காளி. அவள் கணக்கில் பணம் ஏறிய அன்றைக்கே மாமியார் மருதாத்தாள் சோற்றைப் போட்டுக்கொண்டே தொகையைச் சொன்னாள். அம்மா போட்ட நகையை விற்றதும் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும் கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு தனி வீட்டுக்கு. அதைப் பங்காளிகள் கண் படாத ஓரிடத்தில் வைக்கவேண்டும் என்றுதான் இத்தனை பாடும்.

வாலட்டைப் போட்டுக் கொடுத்தவன் மோகனசுந்தரத்தின் சித்தப்பா மகன் ராஜசேகர். கொழிஞ்சாம்பாறையில் மொபைல் கடை வைத்திருந்தான். "சொல்லுக பன்னெண்டையும் கைப்பட எழுதி வெச்சுக்குங்க அண்ணி. போட்டோ புடிக்கக் கூடாது, யாருக்கும் காட்டக் கூடாது, எனக்கும்தான்" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டான். பிறகு வாலட் வேலை செய்கிறதா என்று சோதிக்க, தன் வாலட்டிலிருந்து டீக்காசு பெறாத தொகையை அனுப்பிக் காட்டினான். அவள் அவன் சொன்ன எதிலும் தவறவில்லை. வேறு எதற்கும் தொடாத பழைய போன் ஒன்றில்தான் வாலட்டை வைத்திருந்தாள். அட்டையைச் சேலைகளுக்கு அடியில் வைத்து, வைத்த இடத்தைக் கணவனுக்கு மட்டும் சொல்லியிருந்தாள். கட்டியவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பூவுக்கடியில் மறைந்த வரிதான் அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை. பணத்தை உடனே வேறொரு வாலட்டுக்கு மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம். அதற்குப் பழைய போன் வேண்டும். பூஜையறை வாசலில் மருதாத்தாள் பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, வழி உடுங்க. அந்தப் போன எடுக்கோணும்."

"பூஜைக்கு வெச்சதயா? விஜயதசமி விடியாம ஆரும் தொடக் கூடாது."

"ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க. காசு போயிருமுங்க!"

பல் தேய்த்துக்கொண்டு வந்த மோகனசுந்தரம் நுரையோடு சிரித்தான். "சம்பாதிக்கறதத்தானே பூஜைக்கு வெப்பாங்க, செல்வி? சரஸ்வதிகிட்ட இருக்கறது எங்க போகுது? நாளைக்கி எடுத்துக்கலாம்."

அவள் மாமியாரைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே போனாள். பூவைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தபோது மருதாத்தாள் மாரில் அடித்துக்கொண்டு போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வேலியோரம் வந்துவிட்டார்கள். வாலட் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பணம் போன நேரம் முந்தின நாள் சாயங்காலம் என்று காட்டியது. அவள் போனைத் தொடுவதற்கு ஓர் இரவு முன்னால். அதை அவள் எல்லாரிடமும் காட்டினாள். யார் பார்த்தார்கள்? "பூஜைக்கு வெச்சத எடுத்தா நிக்குமா?" என்று மருதாத்தாள் ஆரம்பித்து வைத்தாள். முந்தின நாளே போய்விட்டதே என்றதற்கு, "எடுக்கோணும்னு மனசுல நெனச்சிருப்பா" என்றாள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. அந்தக் கூட்டத்தைப் பார்க்கப் பார்க்கச் செல்வப்பிரியாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் ராஜசேகர் பொரிகடலை வாங்கிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தான். "நாந்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்களே அண்ணி" என்று உச்சுக்கொட்டினான். சொல்லிவிட்டு, மருதாத்தாள் கொடுத்த சுண்டலை வாய் நிறையப் போட்டு மென்றான். உதட்டோரம் ஒட்டிய தேங்காய்த் துருவலை நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டான். அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். அப்போது அவன்மேல் சந்தேகம் என்று ஒன்றும் இல்லை. அந்த வாயைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

வாலட் பணத்தில் ஒரு விசித்திரம் உண்டு. போன பணம் எந்த முகவரிக்குப் போனது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முகவரிக்காரன் பெயர் மட்டும் தெரியாது. அவளுடைய தனி வீடு, ஊர்பேர் தெரியாத ஒரு முகவரியில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, தொட முடியாத மாதிரி கிடந்தது. தினமும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் அதைப் பார்ப்பாள். பூ மறைத்த வரி எவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்து யோசித்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம். தை பிறந்தபின் ஒரு நாள் பார்த்தபோது பணம் அங்கே இல்லை. இன்னொரு முகவரிக்கு நகர்ந்திருந்தது. அந்தப் புது முகவரியின் கடைசி எழுத்துக்களை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. பழைய போனை எடுத்து, வாலட் போட்ட முதல் நாளில் வந்த டீக்காசு பெறாத தொகையைத் தேடினாள். அது கிளம்பி வந்த முகவரியும் இதுவும் ஒரே முகவரி. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தாள். தேங்காய்த் துருவலை எடுத்த அந்த நாக்கு மட்டும் ஞாபகம் வந்தது.

தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த மோகனசுந்தரத்திடம் இரண்டையும் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

"சைபர் போலீசுல பராதி குடுக்கலாமுங்க" என்றாள்.

"பங்காளி மேலயா? கோயிலுக்குப் புது மணி அவன்தான் வாங்கித் தரான். சாமிக்குத்தானே போகுது?"

"என்ற அம்மா போட்ட நகைங்க அது."

"இந்தக் கெணத்துல பாதி அவனுது. தண்ணி உடமாட்டேன்னா இத்தன தென்னையும் காஞ்சு போயிரும், செல்வி." வரப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கும் அன்னிக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. படம் போட்டதும் போன் பண்ணுனான். அட்டைய பூ மறைக்குது, பூவ எடுத்துப்போட்டு இன்னொண்ணு தனியா அனுப்புங்கண்ணா, கோயில் விழா மலர்ல அச்சடிக்கோணும்னான். அனுப்பிச்சேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அன்று பல்லெல்லாம் நுரையாக நின்று சிரித்த அதே முகம். இத்தனை நாளும் இவனுக்குத் தெரியும். அம்மாக்காரி அவளைத் தரித்திரம் என்று திட்டியபோதெல்லாம் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தான். திருடினவனைவிட இவன்மேல்தான் அருவருப்பு பொங்கியது. ஒரு வாரம் அவள் அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவவில்லை. அப்படியாவது ராஜசேகரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பான் என்று பார்த்தாள். அவனே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

புது மணி கட்டுகிற நாளில் அவளுக்கும் ஒரு வேலை வைத்திருந்தார்கள். பூஜைக்கு வைத்ததைத் தொட்ட குற்றத்துக்கு ஈரச்சேலையோடு வந்து பூஜைத்தட்டு வைத்துக் கும்பிட வேண்டுமாம். மருதாத்தாளின் ஏற்பாடு. மாட்டேன் என்று அவள் சொல்லாததே எல்லாருக்கும் ஆச்சரியம். தலையில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சேலை உடம்போடு ஒட்டி நிற்க, பங்காளிகள் அத்தனை பேர் பார்வையையும் வாங்கிக்கொண்டு நடந்தாள். கூசியது. ஆனாலும் நடையைச் சுருக்கவில்லை. மணி பெரிய மணிதான். ராஜசேகரின் பெயரை அதில் ஆழமாக வெட்டியிருந்தார்கள். கயிற்றைப் பிடித்து மோகனசுந்தரம் அடித்துக்கொண்டிருந்தான்.

தேங்காய் பழம் வெற்றிலையோடு தட்டைப் பூசாரியிடம் கொடுத்தாள். வெற்றிலைக்கு மேலே அந்த அட்டை. குங்குமம் காய்ந்து கறுத்திருந்தது. ஏதோ வேண்டுதல் என்று நினைத்த பூசாரி இன்னொரு பொட்டு வைத்து, நடுவில் கற்பூரத்தை ஏற்றி, அம்மனுக்குக் காட்டிவிட்டு, வழக்கப்படி முதல் மரியாதைக்காக மணி கொடுத்தவன் முன்னால் நீட்டினார். ராஜசேகர் பட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் சுடரை நோக்கிக் கொண்டுபோனான்.

"தொட்டுக் கும்பிட்டுக்குங்க தம்பி" என்றாள் செல்வப்பிரியா. எல்லாருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னாள். "இன்னிக்கிப் பூ மறைக்கலீங்க. தனியா போட்டோ கேக்க வேண்டியதில்ல."

அவன் கைகள் கற்பூரத்துக்கு மேலே அப்படியே நின்றன. கூட்டத்தில் யாரோ, "என்ன போட்டோ?" என்று கேட்டார்கள். மோகனசுந்தரத்தின் பிடியிலிருந்து கயிறு நழுவியது. மணி தானாகவே ஒன்றிரண்டு முறை ஆடி அடித்து ஓய்ந்தது. அவள் சேலையிலிருந்து தண்ணீர் கல்தரையில் சொட்டும் சத்தம் கேட்டது. அட்டையின் ஓரம் சூட்டில் மெல்லச் சுருண்டுகொண்டு வந்தது. ராஜசேகர் இன்னும் கையை எடுக்கவில்லை.