இரண்டு கட்டை இறக்கிய சிரிப்பு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடானது. கீழ்வீட்டில் குழந்தை கிடையாது. விழாக்களில் பாடும் ஒரு பாடகியும், அவளுக்குக் கீபோர்டு வாசிக்கும் கணவரும்தான் அங்கே குடியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வியாழக்கிழமை காலை அங்கிருந்து ஒரு சிறுமியின் சிரிப்புக் கேட்டது. அரை நிமிஷம் கழித்து அதே சிரிப்பு. அப்புறம் மறுபடியும். நாற்பது வரை எண்ணிவிட்டு, பொறுக்கமாட்டாமல், கொஞ்சம் சர்க்கரை கேட்கிற சாக்கில் இறங்கிப் போனேன்.

கீபோர்டுகாரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "இதை எழுதிடாதீங்க சார்" என்றார். மாட்டேன் என்று தலையாட்டினேன். ஆட்டிய தலையில் அப்போதே முதல் வரி ஓடிக்கொண்டிருந்தது.

2

"மண்டபத்தில் எல்லோரும் வெள்ளை உடுத்தி..." (வேண்டாம். யாரும் அப்படி உடுத்தவில்லை. சினிமா பார்த்துக் கெட்டுப்போன புத்தி.)

"இசையே அவருக்கு மூச்சாக..." (சுத்தப் பொய். அவர் மூச்சு மடிக்கணினியில் இருக்கும் இரண்டாயிரம் டிராக்குகளில் இருக்கிறது.)

நேராகவே சொல்கிறேன். பாடுகிறவர் குரல் இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் ஒலிப்பதுதான் டிராக். எல்லாப் பாட்டுக்கும் டிராக் கிடைக்காது. கிடைக்காத பாட்டை யாராவது கேட்டுவிட்டால், கீபோர்டுகாரர் அதே நடையில் உள்ள வேறு பாட்டின் டிராக்கை எடுப்பார். வேகத்தைக் குறைப்பார், சுருதியை மனைவியின் குரலுக்கு இறக்குவார், இடையிசையை வெட்டி ஒட்டுவார். மேடையில் அவள் பாடும்போது ஒருவருக்கும் சந்தேகம் வராது. அந்தச் சட்டை வேறு ஆளுக்குத் தைத்தது என்று அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

3

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, பள்ளிக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்துபோனாள். மூன்று மாதம் கழித்து நினைவுக் கூட்டம். அவளுக்குப் பிடித்த பாட்டைப் பாட வேண்டும் என்றார் தகப்பனார். அதற்கு டிராக் இல்லை. நடை ஒத்துப்போனது ஒரு பிறந்தநாள் பாட்டுக்குத்தான்.

அந்த டிராக்கின் இடையிசையில் ஒரு குழந்தை சிரிக்கும். கீபோர்டுகாரர் சிரிப்பை முதல் வேலையாக நீக்கிவிட்டார். பிறகு மனைவிக்கு மூச்சு வாங்க நாலு தாளச் சுற்றுக் கூடுதலாக வேண்டியிருந்தது. பழைய கோப்பைத் திறந்து அங்கிருந்து நாலு சுற்றை எடுத்து ஒட்டினார். அது சிரிப்பை நீக்குவதற்கு முந்தைய கோப்பு.

(கேட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "ஒட்டு தெரியுதான்னுதான் சார் கேப்போம். நடுவுல இருக்கறத எவன் கேக்கறான்?" என்றார். நானும் கதையை அப்படித்தான் திருத்துகிறேன்.)

இரண்டாவது சரணத்துக்கு முன்னால், நிறைந்த மண்டபத்தில், அந்தச் சிரிப்பு வந்தது. சுருதி இரண்டு கட்டை இறங்கி, வேகம் குறைந்து, லேசான கரகரப்போடு.

பாட்டு முடிவதற்குள் தாய் மேடையோரம் வந்து நின்றாள்.

"அது அவதானே? எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"இல்லம்மா, அது வந்து..."

தகப்பனார் கீபோர்டுகாரரின் தோளைப் பிடித்துக் காதோரம் சொன்னார்: "ஆமான்னு சொல்லுங்க சார். மூணு மாசத்துல இன்னிக்குத்தான் வாயத் தெறந்திருக்கா." பிறகு மனைவியிடம் சத்தமாக, "ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு இவர்தான் மைக் செட்டு. அப்பப் பதிவாகியிருக்கும்" என்றார்.

"ஆமாம்மா" என்றார் கீபோர்டுகாரர்.

4

இந்தத் தகப்பனாரை எனக்கு எழுத வரவில்லை. முதல் வரைவில் கோழையாக்கினேன். இரண்டாவதில் தியாகியாக்கினேன். இரண்டிலும் ஆள் நிற்கவில்லை. ஒரு நாளாவது மனைவி பேச வேண்டும் என்று நினைத்த மனிதர், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

பாடகியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. திரும்பி வரும்போது வண்டியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "நாளைக்கு அந்தம்மா வந்து இன்னும் குடுன்னு நின்னா என்ன பண்ணுவீங்க?"

வந்தாள். கீபோர்டுகாரர் சிரிப்பை மட்டும் வெட்டிக் கொடுத்தார். (அன்றைக்குத்தான் நான் நாற்பது வரை எண்ணினேன்.) அடுத்த வாரமும் வந்து, "அவ பேசினது ஏதாவது மாட்டியிருக்கா?" என்றாள். அவர் ஒரு விளம்பரப் பாட்டிலிருந்து யாரோ ஒரு குழந்தையின் "அம்மா"வை எடுத்து, இரண்டு கட்டை இறக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து பாடகி அவரோடு பேசுவதில்லை. எனக்கும் அவர்மேல் கோபம்தான். ஆனாலும் அதைக் கேட்டபோது அந்தத் தாய் முகம் போன போக்கை அவர் சொல்லிக் காட்டினார். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

5

நேற்று தகப்பனார் வந்தார். மனைவி காதில் இயர்போனை மாட்டியபடி குழந்தையின் அறையிலேயே கிடக்கிறாளாம். கதவைத் திறப்பதில்லை.

"உண்மையச் சொல்லிடுங்க சார்."

"நீங்கதானே ஆமான்னு சொல்லச் சொன்னீங்க?"

"நான் சொன்னா நம்பமாட்டா. உங்களத்தான் நம்புவா."

இன்று காலை பத்து மணிக்கு அந்தத் தாய் வருவதாக இருக்கிறது. போனில் கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். விபத்தன்று காலை பென்சில் பெட்டியைத் தொலைத்ததற்காக மகளைத் திட்டி அனுப்பினாளாம். பதிலே சொல்லாமல் போய்விட்டாள் பெண். "எதுலயாவது ஒரு 'சரிம்மா' இருந்தாப் போதும் சார். அதுக்கு மேல கேக்கமாட்டேன்."

கீபோர்டுகாரர் ஒரு 'சரிம்மா'வைத் தேடி எடுத்துவிட்டார். இரண்டு கட்டை இறக்கியும் வைத்துவிட்டார். பென்டிரைவ் மேசைமேல் இருக்கிறது.

முடிவு ஒன்று: கொடுக்கிறார். அவள் அந்த அறைக்குத் திரும்பிப் போய்விடுகிறாள், இனி வெளியே வரமாட்டாள்.

முடிவு இரண்டு: சொல்கிறார். சிரிப்பும் போய், "அம்மா"வும் போய், பதில் சொல்லாமல் போன மகள் மட்டும் மிஞ்சு

(இதை எழுதி முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

6

எட்டு மணிக்குக் கீபோர்டுகாரர் மாடியேறி வந்தார். "எழுதறவர்தானே சார் நீங்க? நான் எப்படிச் சொல்லணும்னு எழுதிக் குடுங்க" என்றார். எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு சார். ஆனா இத ஒரு மனுஷி மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாது. நீங்களும் கூட இருங்க" என்றார். வருகிறேன் என்றேன்.

மணி பத்து. கீழே கதவு திறந்தது. "வாங்கம்மா, உக்காருங்க" என்றது அவர் குரல். பிறகு மாடிப்படியைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். இப்போது கூப்பிடுவது மூன்றாவது தடவை.

நான் எழுந்திருக்கவில்லை. இந்த வரியை எழுதிக்கொண்டிருப்பதாகப் பாவனை செய்கிறேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இதைப் படிக்கிற உங்களுக்கும் தெரியும். மொத்தம் பதினாறு படி. அவள் வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். தயவுசெய்து நீங்கள் போங்கள்.