பாஸ் வயோலுக்குள் ஒரு சீட்டு

மல்கிரேவ் புறநகரில் ஒரு பழைய காராஜ்தான் யோகேஸ்வரனின் பட்டறை. மனைவியும் பிள்ளைகளும் பிரிந்து ரொறன்ரோ போய் எட்டு வருடமாகிறது. வயலின், செல்லோ திருத்தக் கொண்டுவருகிறவர்களைத் தவிர அவரோடு பேச ஆளில்லை.

அந்தக் கிழமை அவர் மேசையில் கிடந்தது ஒரு பாஸ் வயோல். செல்லோ அளவுதான், ஆனால் ஆறு தந்தி, தட்டையான முதுகு, தரையில் ஊன்றாமல் கால்களுக்கிடையில் இடுக்கி வாசிப்பது. விஜயா அக்கா கொண்டுவந்து கொடுத்தது. போன வருடம் காலமான அவர் கணவர் வெங்கட்ராமன் வாசித்தது. விற்பதற்கு முன் அதன் பூர்வீகத்தை எழுதித் தரச்சொல்லி விஜயா கேட்டிருந்தார்.

மெல்லிய கத்தியைச் சூடாக்கி, விளிம்பைச் சுற்றிப் பசையை இளக்கி, மேற்பலகையை யோகேஸ்வரன் கழற்றினார். உள்ளே விலாப் பலகைகளை இணைத்த லினன் துணிக் கீற்றுகள் பழுப்பேறியிருந்தன. முதுகில் ஒரு சீட்டு: லண்டன், 1697. ஆனால் மேற்பலகையின் ஆண்டு வளையங்களைப் படமெடுத்து அனுப்பியதற்கு, மரத்தின் வயது கணிக்கும் இங்கிலாந்து நிபுணர் ஒருவர் எழுதிய பதில் வேறு. கடைசி வளையம் 1741. சீட்டின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். ஹார்ட்வேர் கடையில் விற்கும் வெள்ளைப் பசை.

இதை எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்துவிட்டு அழைத்தார். விஜயா வந்து, திறந்து கிடந்த வாத்தியத்தின் முன் கதிரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, மரம் வெட்டினதே 1741க்குப் பிறகுதான். இந்தச் சீட்டு ஆரோ பிந்தி ஒட்டினது."

"தெரியும். அவர்தான் ஒட்டினார்."

யோகேஸ்வரன் சீட்டின் கிளம்பிய ஓரத்தை விரலால் அழுத்திவிட்டார்.

"வீட்லயே பிரிண்ட் பண்ணி, டீ டிக்காக்ஷன்ல நனைச்சு, வெயில்ல காயவச்சு, முன்னாடி இருக்கிற துளைக்குள்ள விட்டு ஒட்டினார். ஜன்னல் வழியா நான் பார்த்தேன். அவர் வாசிச்ச இசைக் குழுவுல ஒவ்வொருத்தரும் தன்னோட வாத்தியத்துக்கு ஒரு கதை சொல்வாங்க. இவரை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. சீட்டு வந்தப்புறம் டீ பிரேக்ல எல்லாரும் இவரைச் சுத்தி நின்னாங்க. பதினோரு வருஷம் ஆச்சு. நான் அவர்கிட்ட இதைக் கேட்டதே இல்லை."

"வேற ஆருக்கும் சொல்லேல்லையோ?"

"சொல்ல யாரு இருக்கா?"

யோகேஸ்வரன் அறிக்கையை அங்கேயே எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டு, இங்கிலாந்து வேலைப்பாடு, செய்தவர் தெரியவில்லை, சீட்டு பிற்காலத்தது.

"ஆர் ஒட்டினதெண்டு கேப்பினம் அக்கா. தெரியாதெண்டு போடட்டே?"

விஜயா குனிந்து அந்த 1697ஐப் பார்த்தார். "வேண்டாம். அவர் பேரையே எழுதுங்க. முப்பது வருஷம் வாசிச்சவர் அவர்தானே."

யோகேஸ்வரன் எழுதினார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச்சொல்லிக் கேட்க நினைத்தார். அதற்குள் விஜயா கைப்பையை எடுத்துவிட்டார்.

மாதக் கடைசியில் சிட்னியில் வாசிக்கும் ஒரு பெண் அறிக்கையைப் படித்துவிட்டு, விஜயா கேட்ட விலைக்கே வாங்கிப் போனாள். தகவல் சொல்ல யோகேஸ்வரன் போன் பண்ணினார்.

"நல்லது," என்றார் விஜயா. பிறகு இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.