உடைந்த பிட்டும் புதுக் கிரைண்டரும்

"உடைஞ்ச பிட்டக் காட்டுங்க, அப்பதான் புதுசு."

உழவர்கரையில் சக்கரபாணியின் இரும்புக் கேட் பட்டறையில், ஸ்டோர் ஜன்னலுக்குள்ளிருந்து சந்திரகலா தினமும் சொல்வது இது. உடைந்த துண்டைக் கொடுத்தால்தான் இரும்பில் துளை போடும் புது டிரில் பிட் கிடைக்கும். கூடவே திட்டும் கிடைக்கும். முன்பெல்லாம் மாதத்துக்கு நாலைந்து உடையும். இந்தத் தீபாவளிக்குப் பிறகு வாரத்துக்கே பத்து உடைந்தது. ஒவ்வொரு துண்டும் டப்பாவில் விழும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். தீபாவளிக்கு முன்னால், பட்டறைக்குச் சாமான் விற்க வந்த புதுக் கடைக்காரன் பிரேம்குமார், முத்தியால்பேட்டையில் இருக்கும் அவள் வீட்டுக்கே மாவு அரைக்கும் கிரைண்டர் ஒன்றை அனுப்பிவைத்தான். "சும்மா அன்பளிப்புக்கா" என்றான். அன்றிலிருந்து பிட், ரம்பம், ஸ்பேனர் எல்லாம் அவள் ஆர்டர் போட்டது அவன் கடையில்தான். பிட்டின் மேலிருந்த கம்பெனிப் பெயர் நகத்தால் சுரண்டினாலே அழிந்தது. பார்த்தாள். பார்க்காததுபோல் அலமாரியில் அடுக்கிவிட்டாள்.

டிரில்லிங் மெஷினில் வேலை செய்யும் மதிவாணன் ஒருநாள் கேட்டேவிட்டான்.

"அக்கா, சாணை புடிச்சா நல்ல பிட்டுல பொறி செவப்பா, கம்மியா வரும். இதுல மத்தாப்பு மாதிரி வெடிக்குது. இது மட்டமான சரக்குக்கா."

"போட்டு அழுத்துனா எதுதான் ஒடையாது? ஒழுங்கா வேலயப் பாரு!"

பயத்தை மறைக்கச் சந்திரகலா கத்தினாள். நாலு பேர் முன்னால் வாங்கிய திட்டு மதிவாணனுக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை முனை பெயர்ந்தபோது அவன் ஜன்னல் பக்கமே வரவில்லை. அதே பிட்டைச் சாணை பிடித்து மறுபடியும் மாட்டினான்.

கொஞ்ச நேரத்தில் "ஐயோ, கண்ணு!" என்ற அலறல் கேட்டது. பிட் தெறித்திருந்தது. அவன் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியும் பிரேம்குமார் கடைச் சரக்குதான். அது அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது.

கோரிமேட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் மதிவாணனின் மனைவி மாலா அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் சந்திரகலா எழுந்து நின்றாள். கண் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்களோ? வேண்டாத சாமியில்லை.

கடைசியில் டாக்டர் வந்தார். இரும்புத் துணுக்கை எடுத்தாயிற்றாம். பார்வை திரும்புமா என்பதைப் பத்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியுமாம். கூட வந்திருந்த முதலாளி சக்கரபாணிக்குப் பின்னால் பெண்கள் இருவரும் உள்ளே போனார்கள்.

இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்த மதிவாணன், "எப்படிப்பா இருக்க?" என்ற குரலை வைத்துச் சந்திரகலாவை அடையாளம் கண்டுகொண்டான். சட்டைப் பையைத் தடவி ஒரு துண்டை எடுத்து நீட்டினான்.

"அக்கா, பாதிதான் கெடச்சுது. மெஷினுக்கு வர்ற ஆளுக்குப் புதுசு குடுத்துடுங்க. எங் கைதான் அழுத்திடுச்சு போல. திட்டாதீங்கக்கா."

சந்திரகலாவால் அதைக் கையில் வாங்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஒங் கை மேல தப்பில்லப்பா, எம்மேலதான். சார், பிரேம்குமார்கிட்ட கிரைண்டர் வாங்கிக்கிட்டேன். போலி பிட்டுன்னு தெரிஞ்சேதான் ஆர்டர் போட்டேன்."

மாலா தலையை நிமிர்த்தினாள். "ஒரு கிரைண்டருக்கா எம் புருஷன் கண்ணு?"

சக்கரபாணி கனைத்துக்கொண்டு, "வெல கம்மின்னதும் நானும் வாயத் தொறக்காம பில்லுல கையெழுத்துப் போட்டேனேம்மா. ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றார்.

"கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன் சார்" என்றாள் சந்திரகலா. "சாமான் வாங்குற எடத்துல ஒக்காந்து அன்பளிப்புன்னு கைய நீட்டுனா அதுவும் லஞ்சந்தான். அதுக்கான வெலய நீட்டுனவ குடுக்கறதில்ல சார், மெஷின் முன்னாடி நிக்கறவன்தான் குடுக்கறான்."