எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'

என் தும்மலுக்காக வீடியோவில் டாக்டரைப் பார்க்கப் பதிவு செய்தது என் கணவர். அதற்கு ஒரு படிவம் இருந்ததாம், இருபத்தாறு கேள்விகளாம். நாலே நிமிஷத்தில் எல்லாவற்றுக்கும் பதில் போட்டு அனுப்பிவிட்ட பிறகுதான் எனக்குச் சொன்னார். தும்முவது நான், பதில் சொல்வது அவர். எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு எப்போதுமே இப்படிப் பிரமாதமாக இருக்கும்.

"என்ன போட்டீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டேன். இல்லைன்னு போட்டா கேள்வி குறையும். ஆமான்னு போட்டா அதுக்குள்ள இன்னும் நாலு கேள்வி திறக்கும்."

அவர் இருபது வருஷமாக இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். சர்க்கரை உண்டா, இல்லை. நெஞ்சு வலி வந்ததுண்டா, இல்லை. கையில் படிவம் கிடைத்தால் போதும், விரல் தானாகவே 'இல்லை' பக்கம் போய்விடும். அவரிடம் பாலிசி எடுத்தவர்களைப்போல ஆரோக்கியமானவர்களை எங்கேயும் பார்க்க முடியாது, அவர்கள் சாகும்வரை.

எனக்கு இது விளையாட்டாக இல்லை. நான் கடிகாரம் பழுது பார்ப்பவள். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, ட்வீசர் முனையில் எள்ளில் பாதிகூட இல்லாத திருகாணியைப் பிடித்திருக்கும்போது தும்மல் வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. போன மாதம் அப்படி ஒன்று பறந்துபோய், நானும் முதலாளியும் இரண்டு மணி நேரம் காந்தத்தோடு தரையில் தவழ்ந்தோம். இந்த மாதம் ஒருவருடைய அப்பா விட்டுப்போன கடிகாரத்தில் ஹேர்ஸ்பிரிங் என்கிற முடிபோன்ற சுருள்கம்பியையே வளைத்துவிட்டேன். முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திங்கட்கிழமைக்குள்ள டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாம்மா," என்றார். "இது சரியாயிடும், மேஜைல உக்காரலாம்னு அவங்க எழுதணும். இல்லைன்னா முன்னாடி பெல்ட், பேட்டரி மாத்துற கவுண்டர்ல உக்காந்துக்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த மேஜை அது. மேஜை விளிம்பில் என் முழங்கை படும் இடத்தில் வார்னிஷ் போய்விட்டது. நின்றுபோன கடிகாரம் என் கையில் மறுபடி ஓடத் தொடங்கும் அந்த முதல் சத்தத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன். பேட்டரி மாற்றுவதற்காக எழுந்திருக்க என்னால் முடியாது.

தும்மல் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று, என் கணவரின் ஆபீஸ் இடம் மாறியபோது அங்கே வேண்டாமென்று தூக்கிப் போட்ட கார்ப்பெட். அதைக் கோடீஸ்வரர் வீட்டுச் சீதனம்போலத் தோளில் சுமந்து வந்தார். இன்னொன்று, அவருடைய அக்காவின் பூனை. அந்த அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பூனை கூடாது என்றாராம். "ரெண்டே வாரம் வச்சுக்கம்மா" என்று விட்டுப்போனார். அந்தப் பூனைக்கு நான் வைத்த பெயர் மேனேஜர். நாள் முழுக்க நல்ல இடம் பார்த்துத் தூங்கும், எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு நடப்போம். தூங்கும் இடம் கார்ப்பெட்.

பூனையாலதான் தும்மல் வருதோ என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அண்ணி இரண்டு நாள் அழுதார். "நாங்க பொறந்ததுலேர்ந்து பூனையோடதான் வளந்தோம், யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார் என் கணவர். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன், மூக்கைத்தான் மூட முடியவில்லை.

சனிக்கிழமை நாலு பத்துக்கு டாக்டர் வருவார் என்று நேரம் கொடுத்திருந்தார்கள். கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு இரண்டு மணிக்கு வந்தால், வீட்டுக்குள் அண்ணி நிற்கிறார், இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு. பல் டாக்டர் ஒருவரிடம் பதினெட்டு வருஷம் ரிசப்ஷனில் இருந்தவர். அதனால் மருத்துவம் முழுக்க அவருக்கு அத்துப்படி.

"டாக்டருங்க மொதல்ல பாக்கறது நோயை இல்ல, ஆளை. செருப்பைப் பாத்தே எடை போட்டுடுவாங்க," என்றார்.

"வீடியோல செருப்பு தெரியாது அண்ணி."

"தெரியாதுன்னு நீ நினைச்சுக்கிட்டு இருக்க."

முன்னறையைப் பார்த்தேன். எட்டு மாதமாக நான் கெஞ்சியும் ஒரு அங்குலம் நகராத கார்ப்பெட்டைக் காணோம். தரை பளபளவென்று இருந்தது. சோபா உறைகள், பழைய திரைச்சீலை, மூலையில் குவிந்திருந்த மெத்தைகள் எதையும் காணோம். எல்லாம் பின்னாலிருக்கும் சின்ன அறைக்குள் போய்விட்டதாம், மேனேஜர் உட்பட. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தன. நான் தும்மி எடுக்கும்போது வராத சுறுசுறுப்பு, டாக்டர் பத்து நிமிஷம் எட்டிப் பார்ப்பார் என்றதும் வந்துவிட்டது.

பிறகு ஒத்திகை. நாற்காலியை மூன்று இடத்தில் போட்டுப் பார்த்தார்கள். மேஜைவிளக்கை என் முகத்தில் அடித்து, நோயாளி மாதிரியும் தெரிய வேண்டும், வசதியான வீட்டு நோயாளி மாதிரியும் தெரிய வேண்டும் என்று அக்காவும் தம்பியும் ஆலோசித்தார்கள். போனை ஐந்து புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்தார்கள். அதற்குப் பின்னால் அண்ணி நின்றுகொண்டு, நான் திணறினால் உயர்த்திக் காட்ட அட்டைகளில் கொட்டை எழுத்தில் பதில்கள் எழுதிவைத்திருந்தார். முதல் அட்டையில் 'பூனை இல்லை' என்றிருந்தது.

"பொய் சொல்லணுமா அண்ணி?"

"பொய் எங்க? இந்த ரூம்ல பூனை இருக்கா?"

இதற்கிடையில் யாரும் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. வந்து ஒன்றரை மணி நேரமாகியும் நான் ஒரு தடவைகூடத் தும்மவில்லை. அண்ணிதான் முதலில் கண்டுபிடித்தார், ரொம்பக் கவலைப்பட்டார். "டாக்டர் முன்னாடி ஒண்ணாவது தும்மினாத்தானே நம்புவாங்க," என்று மிளகுத்தூள் டப்பாவை எடுத்துவந்து கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார்.

நாலு பத்துக்குச் சொன்ன டாக்டர் நாலு முப்பத்தைந்துக்கு வந்தார். களைத்துப்போன முகம். அவருக்குப் பின்னாலிருந்த அலமாரியில் பைல்கள் தாறுமாறாகச் சரிந்து கிடந்தன. எட்டிப் பார்த்த அண்ணிக்குப் பெரிய ஏமாற்றம்.

நான் குறித்து வைத்திருந்ததைப் படித்தேன். காலையில் கடைக்குப் போன முதல் ஒரு மணி நேரத்தில்தான் அதிகம், திங்கட்கிழமை பதினேழு தும்மல், மத்தியானத்துக்கு மேல் குறைந்துவிடும். டாக்டர் எங்கள் படிவத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வீட்ல பூனை, நாய் எதுவும் இல்லையே?"

அட்டை உயர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், படத்தில் தெரியாமல் சுவரோரம் நின்றிருந்த என் கணவர் "இல்லைங்க டாக்டர்" என்றார். நான் பேசாமல் இருந்தேன். அது என் தப்புதான்.

"கார்ப்பெட்?"

"இல்லைங்க."

டாக்டர் என் முதுகுக்குப் பின்னால் தெரிந்த அறையைப் பார்த்தார். "வீடு ரொம்ப சுத்தமா இருக்கும்மா. இப்பவும் நீங்க தும்மலை. அப்போ வேலை பாக்கற எடத்துலதான் ஏதோ ஒத்துக்கலை. கடிகாரம் கழுவற திரவம், எண்ணெய், ஏதாவது இருக்கலாம். மூணு மாசத்துக்கு அந்த மேஜைல உக்காராதீங்க. அப்படியே லெட்டர் எழுதித் தரேன்."

என் கணவர் முகம் மலர்ந்தது. வீட்டைப் பாராட்டிவிட்டாராம். அண்ணி அட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு தலையாட்டினார். ஒரு நொடியில் என் மேஜையை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் பரிசு வாங்கியவர்கள் மாதிரி நிற்கிறார்கள்.

புத்தகங்களின் மேலிருந்து போனை எடுத்தேன். "ஒரு நிமிஷம் டாக்டர். பாக்கி வீட்டையும் பாத்துடுங்க."

"ஏய், என்ன பண்ற?" என்றார் கணவர். அண்ணி சின்ன அறைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். "அண்ணி, நகருங்க" என்றேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. நகர்ந்துவிட்டார்.

தாழ்ப்பாளைத் தள்ளினேன். சுருட்டி வைத்த கார்ப்பெட்டின் மேல் மேனேஜர் படுத்திருந்தது. எழுந்து, உடம்பை முறுக்கி, ஒரு உதறு உதறிவிட்டு, டாக்டரை நேராகப் பார்த்தது. நான் தும்மத் தொடங்கினேன். பதினொன்று என்று பிறகு டாக்டர்தான் சொன்னார், நான் எண்ணும் நிலைமையில் இல்லை. மிளகுத்தூளுக்கு வேலையே வரவில்லை.

"இந்தப் படிவத்தை யார் நிரப்பினது?" என்று டாக்டர் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் பக்கம் போனைத் திருப்பினேன்.

"திருப்பி நிரப்பி அனுப்புங்க. உண்மையா. அலர்ஜி டெஸ்ட் ஒண்ணு எழுதறேன், ஆனா பாத்தாலே தெரியுது. பூனை முடியை உடுப்புல சுமந்துக்கிட்டுத்தான் அவங்க தினமும் கடைக்குப் போறாங்க. பூனையும் கார்ப்பெட்டும் வீட்டை விட்டுப் போகட்டும். மேஜைல உக்கார எந்தத் தடையும் இல்லைன்னு லெட்டர் தரேன்."

அண்ணி மேனேஜரைக் கூடையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பினார். வாசலில் நின்று போனில் யாரிடமோ பேசியதிலிருந்து ஒரு விஷயம் தெரிந்தது. அவருடைய வீட்டுச் சொந்தக்காரர் பூனைக்குச் சம்மதம் சொல்லி ஆறு மாதம் ஆகிறதாம். நான் சிரித்துவிட்டேன், அழுவதற்கு நேரமில்லை. என் கணவர் கார்ப்பெட்டைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, அது கிடந்த இடத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தார்.

பூனை, ஆமாம். கார்ப்பெட், ஆமாம். ஆமாம் போடப் போட உள்ளே நாலு நாலாகத் திறந்தது. ஒன்றையும் விடாமல் போட்டார். போன தடவை வராத, ஆமாம் போட்டதால் புதிதாகத் திறந்த கடைசிக் கேள்வியில் விரல் நின்றுவிட்டது. 'வீட்டில் இருப்பவர்கள் உங்கள் சிகிச்சைக்கு ஒத்துழைக்கிறார்களா?'

என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன போடட்டும்?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லைன்னு போடுங்க," என்றேன். "கேள்வி குறையும்."

போட்டார். குறையவில்லை. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இல்லை என்றால்தான் உள்ளே திறக்குமாம். மொத்தம் ஒன்பது. அவர் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார், நான் பதில் சொன்னேன்.